இடது காதின் சாட்சியம்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், கொஞ்சம் தைரியம் வரும்படி எழுதுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டிருக்கிறார். தைரியத்தில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரும்வரை, ஆய்வுக்கூடத்தில் நான் ஒழுங்காகப் பயின்றது பயம் ஒன்றைத்தான். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஆகவே அதையே எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தேன். நோயாளியின் தோலிலிருந்து கிருமியின் மரபணுத் துண்டு ஒன்றை எடுத்துக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டுகிறீர்கள். எங்கள் காலத்தில் அதைச் சொல்லியிருந்தால் மந்திரவாதி என்று விரட்டியிருப்போம். அப்போது உங்களில் ஒரு பெண், ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் சோதனைக் குழாய்களோடு வெறும் தண்ணீர் வைத்த ஒரு குழாயையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்கிறார்களே, அது வீண்தானே என்று என்னிடம் கேட்டாள். நான் இடது காதைத் தடவிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ. பதில் இதுதான். கொஞ்சம் நீளம்.

அறுபதுகளின் நடுவில் உத்திரமேரூருக்கு வெளியே மானாம்பதி சாலையில் ஒரு தொழுநோய் மையம் இருந்தது. பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். விசிலை மட்டும் ஊதுவார்கள். அங்கே ஆய்வுக்கூடம் என்பது ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப் ஒன்று, நான். மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் சூரியன் கொடுத்தது. மேகம் வந்தால் விஞ்ஞானம் நிற்கும்.

வேலை இதுதான். நோயாளியின் காது மடலை ரத்தம் ஒதுங்கும்படி இறுக்கிப் பிடித்து, பிளேடால் ஒரு நெல் நீளத்துக்குக் கீறி, அதில் சுரண்டி எடுப்பதைக் கண்ணாடித் துண்டில் தடவ வேண்டும். சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவினால் எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு போய்விடும். இந்த நோயின் கிருமியிலிருந்து மட்டும் போகாது. அதைச் சுற்றி மெழுகு பூசிய மாதிரி ஒரு சுவர் உண்டு. கடைசியில் நீலம் ஊற்றிப் பார்த்தால் நீல வயலில் சிவப்புக் குச்சிகள் கிடக்கும். எண்ணி எழுத வேண்டும்.

எங்கள் டாக்டரம்மாவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மேலே எங்கிருந்தாவது பிழை திருத்தி அனுப்புவார். வாரத்தில் மூன்று நாள் காஞ்சிபுரத்திலிருந்து வருவார். அவர் வைத்த வழக்கம் ஒன்று வேறு எந்த மையத்திலும் நான் கேள்விப்படாதது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நோயாளிகளின் கண்ணாடிகளோடு கூடுதலாக ஒரு கண்ணாடி போக வேண்டும். அதில் என் காது இருக்க வேண்டும். ஒரு வாரம் இடது, மறு வாரம் வலது. நோயில்லாத ஆளின் தோலும் அதே நாளில், அதே சாயத்தில் முங்கி எழுந்து சுத்தமாக வந்தால்தான் மற்றவர்களைப் பற்றிப் பேச நமக்கு வாய் உண்டு என்பது அவர் கட்சி. சனிக்கிழமை கையெழுத்துப் போட உட்காரும்போது தலையை நிமிர்த்தாமல், "காது?" என்பார். "சுத்தம் டாக்டர்" என்பேன். பேனா திறக்கும்.

நான் அதை ஒரு வேடிக்கையாகவே ஆக்கிவிட்டேன். பிளேடைக் கண்டால் நோயாளிகள் நடுங்குவார்கள். அவர்கள் எதிரிலேயே முதலில் என் காதைக் கீறிக்கொள்வேன். "கசாப்புக் கடைக்காரன் தன்னையே வெட்டிக்கிறான், பாருங்க" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கிற காதை வெட்டுவது சுலபம்.

அப்படியே போயிருக்கலாம். அந்தப் பங்குனியில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். புள்ளலூரில் ஒரு இடம் அமைகிற மாதிரி இருந்தது. அம்மா என் காதைப் பார்த்தாள். "லெப்ரசி ஆஸ்பத்திரில வேலன்னு சொல்லவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. இதுல காதுல பிளாஸ்திரி வேற ஒட்டிக்கினு போயி நிப்பியா?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடிப் பெட்டியில் என் பழைய காதுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன, எல்லாமே சுத்தம். நாற்பது காதுள்ள மனிதன் இன்னொன்றை ஏன் வெட்ட வேண்டும்? வியாழக்கிழமைதோறும் ஒரு பழைய காதை எடுத்துத் தட்டில் வைத்தேன். சனிக்கிழமை "சுத்தம் டாக்டர்" என்றேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காது சுத்தம்தானே. இரண்டு மாதத்தில் காது இரண்டும் ஆறி, கல்யாணக் காதுகளாகப் பளபளத்தன.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டிலிருந்த தோழி ஒருவர் டாக்டரம்மாவுக்குத் தட்டச்சு செய்த நாலு பக்கம் அனுப்பியிருந்தார். அப்போதைய புது ஆராய்ச்சி. குச்சி முழுசாகச் சாயம் ஏறியிருந்தால் கிருமி உயிரோடு இருக்கிறது. உடைந்தும் புள்ளி புள்ளியாகவும் இருந்தால் செத்தது, அதன் சுவருக்குள் ஒன்றும் மிச்சமில்லை. அதுவரை நாங்கள் எண்ண மட்டும் செய்தோம். இனி உயிரா பிணமா என்று சொல்லலாம். அந்த நாலு பக்கத்தை ஏழு தடவை படித்தேன். ஏழாவது தடவைக்குப் பிறகு என் நடையே மாறிவிட்டது என்று எங்கள் உதவியாளர் கன்னியப்பன் சொல்வார். ஜன்னலோரம் இடுப்பில் கை வைத்து நின்றேனாம்.

இப்போது ரூத் டீச்சர். காவாந்தண்டலத்தில் கூலி வேலைக்குப் போகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகச் சாக்பீஸ் பிடித்தவர் அவர்தான். மானாம்பதிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. கையில் ஒரு தேமல் மாதிரி வந்து, அதில் உணர்ச்சி இல்லாமல் போய், எங்களிடம் வந்தார். கிருமி குறைவான வகை. மூன்று வருஷம் சம்பளமில்லாத விடுப்பு, மூன்று வருஷம் மாத்திரை. போன பல பரிசோதனைகளில் கண்ணாடி சுத்தம். மே மாதத்தில் கடைசியாக ஒரு பரிசோதனை, அதுவும் சுத்தமாக வந்தால் டாக்டரம்மா சான்றிதழ் தருவார், ஜூனில் பள்ளி திறக்கும்போது டீச்சர் வேலைக்குத் திரும்பலாம். விடுப்பு அதோடு முடிகிறது. திரும்பாவிட்டால் வேலையிலிருந்து நீக்குவார்கள். நீக்கும் கடிதத்தில் காரணம் எழுதுவார்கள். அந்தக் காரணத்தை எழுதிவிட்டால் பிறகு வேறு எங்கும் போக முடியாது.

வியாழக்கிழமை வந்து காதைக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் சாயம் ஏற்றினோம். மற்ற ஐந்து பேரும் பழைய ஆட்கள், கிருமி நிறைய உள்ளவர்கள். அவர்களுடைய கண்ணாடிகளை மளமளவென்று எண்ணி எழுதினேன். டீச்சருடைய கண்ணாடியை வைத்தேன். நீலம், நீலம், நீலம். பிறகு ஒரு சிவப்புக் குச்சி.

எட்டு இருந்தன. எட்டும் முழுசு. ஒன்றுகூட உடையவில்லை.

எனக்கு வருத்தம் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது பெருமை. நாலு பக்கத்தில் படித்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன். பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் "உயிருள்ளவை" என்று அடிக்கோடு வேறு போட்டேன். வருத்தம் பிறகு வந்தது, கொஞ்சம் தாமதமாக, மாட்டுவண்டியில்.

டாக்டரம்மா கையெழுத்துப் போடும்வரை நோயாளியிடம் முடிவைச் சொல்லக் கூடாது. மறுநாள் வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்க டீச்சர் வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார், ஒரு மாதிரி கீறீங்க?" என்றார். நான் சொல்லிவிட்டேன். எட்டு, முழுசு, உயிரோடு இருக்கிறது, இதுதான் இப்போதைய ஆராய்ச்சி என்று விளக்கமும் கொடுத்தேன். விளக்கத்தை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

அவர் அழவில்லை. சத்தம் போடவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"போன ரெண்டு தடவையா உங்க காத நீங்க வெட்டிக்கலையே சார். ஏன்?"

நான் என்னென்னவோ சொன்னேன். காலையிலேயே வெட்டிக்கொண்டேன் என்றேன். காது காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"சரி சார். நாளிக்கி சனிக்கெழம ஆபீஸ் கீது. அவங்க நீக்கறதுக்கு முன்னாடி வேல வேணாம்னு நானே எழுதிக் குடுத்துடறேன். அப்ப காரணம் எழுத வேணாம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அந்தக் கேள்வி மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு என் இடது காதைக் கீறினேன். இது சுத்தமாக வரும், நான் கொஞ்சம் நிம்மதியாகக் குற்றவாளியாக இருக்கலாம் என்பது திட்டம். சாயம் ஏற்றி, கழுவி, வைத்துப் பார்த்தேன்.

ஆறு. முழுசு.

இனி நடந்தவற்றை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். முதலில் கதவைத் தாழ் போட்டேன், கிருமி தப்பி ஓடிவிடும் என்பது போல. கோழி இறகை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையிலும் தடவிப் பார்த்தேன். உணர்ச்சி இருந்தது. கண்ணை மூடினாலும் இறகு எங்கே போகிறது என்று நமக்கே தெரிகிறதே, இது சோதனை ஆகாது என்று தோன்றியது. கன்னியப்பனைக் கூப்பிட்டுத் தடவச் சொன்னேன். அவர் என் முதுகில் தடவிவிட்டு, "இன்னா சார், கண்ணாலம் நெருங்கிடுச்சா?" என்றார். முதுகில் ஏதாவது வெளுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "வேர்க்குரு கீது" என்றார். வேர்க்குரு எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் இறகைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புள்ளலூர்ப் பெண்ணை மனதில் வாழ்த்தி விடை கொடுத்தேன். அதுவரை அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் உருக்கமாக இருந்தது. எங்கள் உள்நோயாளிக் கூடத்தில் எந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சி குறைவு என்று எனக்குத் தெரியும். அதை எனக்கு ஒதுக்கினேன். மூன்று வருஷத்தில் நூற்றுக்கணக்கானவர்களிடம், பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை இருக்கிறது, குணமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அதை எனக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒரு துளி வேலை செய்யவில்லை. இத்தனை நாளும் அந்த வார்த்தையைத்தான் அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேனா என்று அப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். பதிவேட்டைத் திறந்தார். தலை நிமிரவில்லை.

"காது?"

நான் பேசவில்லை. அவர் நிமிர்ந்தார். இடது காதில் பிளாஸ்திரி. அதற்கு மேல் என் முகம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பழைய காதுகள், புள்ளலூர், எட்டு, ஆறு, நான் ஒரு நோயாளி, டீச்சருக்கும் சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளா வெட்டலை?"

"ரெண்டு மாசம் டாக்டர்."

"நான் கேட்டப்பல்லாம் சுத்தம்னு சொன்னியே."

"பழைய காது சுத்தம்தான் டாக்டர்."

இந்த நிலையிலும் எனக்கு அது வாயில் வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு இன்னும் எத்தனை காலம் என்று கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"வா. நான் மெதுவா தள்ளறேன். நீ கண்ணை எடுக்காம பாரு."

நீலம் ஓடியது. சிவப்பு ஒன்று போயிற்று. பிறகு நீலம் தீர்ந்தது. நான் தடவியிருந்த இடத்துக்கு வெளியே, ஒன்றுமில்லாத கண்ணாடிக்கு வந்துவிட்டோம்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். வெறும் கண்ணாடி."

"இன்னும் பாரு."

தள்ளினார். வெள்ளை, வெள்ளை. நடுவில் ஒரு சிவப்புக் குச்சி, முழுசாக, தனியாகக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

"இது யாருது? உன் காது இது வரைக்கும் வந்திருக்கா?"

எனக்கு உடனே விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காதுக்கு வெளியிலும் பரவிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டரம்மா டீச்சரின் கண்ணாடியை வைத்து அதன் ஓரத்துக்குப் போனார். அங்கேயும் கிடந்தன. பெட்டியிலிருந்து புதிதாக ஒரு கண்ணாடியை எடுத்து, அதில் எதையுமே தடவாமல், சாயம் ஏற்றிக் கழுவச் சொன்னார். செய்தேன். அந்த வெறும் கண்ணாடிக்கும் தொழுநோய் வந்திருந்தது.

"எதுல கழுவறீங்க?" என்றார்.

தண்ணீரில் என்றேன். எங்கிருந்து வருகிற தண்ணீர் என்றார். கிணற்றில் என்றேன். கன்னியப்பனைக் கூப்பிட்டோம்.

"கெணத்துல ஏதும்மா தண்ணி? பத்து நாளா வாளி வுட்டா சேறுதான் ஏறுது. ஏரி மதகாண்ட மாட்டுக்குக் கட்டின தொட்டி கீது இல்ல, அதுலருந்து மொண்டுகினு வரேன். துணி போட்டு வடிகட்டித்தான் ஊத்தறேன்."

"அதை ஏன்பா சொல்லலை?"

"இவுரு தண்ணி கீதான்னு கேட்டாரு. கீதுன்னேன். எந்தத் தண்ணின்னு கேட்டாரா?"

ஏரித் தண்ணீரிலும் பாசியிலும் சேற்றிலும் இந்தக் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் உண்டாம். யாருக்கும் கெடுதல் செய்யாதவை. ஆனால் குடும்பச் சாயல் இருக்கிறது. அதே மெழுகுச் சுவர், அதே சிவப்பு. மாட்டுத் தொட்டியிலிருந்து வந்து, துணிக்குள் புகுந்து, நான் கழுவக் கழுவக் கண்ணாடியில் வந்து படுத்திருக்கின்றன. வியாழக்கிழமை என் காதை வெட்டியிருந்தால் அன்றைக்கே, டீச்சரின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதுவதற்கு முன்பே, தெரிந்திருக்கும். அந்த வழக்கம் இருந்ததே இதற்காகத்தான்.

"அப்ப அந்த நாலு பக்கம் பொய்யா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பொய் இல்லை. முழுசா இருந்தா உயிரோட இருக்குன்னு நீ சொன்னதும் சரிதான். யாரோட உயிர்னுதான் நீ கேக்கலை."

பிறகு அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா உன்கிட்ட காது, காதுன்னு கேட்டிருக்கேன். ஒரு தடவை நிமிர்ந்து பாத்திருந்தா புண்ணே இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். நான் உன் காதைப் பாக்கலை, பேப்பரைப் பாத்தேன்." பதிவேட்டில் நான் அடிக்கோடு போட்ட வார்த்தையைத் தன் பேனாவால் அடித்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட இடம் விட்டார். அவருடைய கையெழுத்து முதலில். முப்பது வருஷத்தில் எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்தேன். தவறுக்கு முதல் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

"டீச்சர்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

"அப்ப நீயே போ. ஆபீஸ் போறதுக்குள்ள போ."

கத்திரி வெயில். காவாந்தண்டலத்துக்குச் சைக்கிள். உயிரோடு இருக்கிறேன் என்கிற சந்தோஷத்தில் முதல் இரண்டு மைல் பறந்தேன். மூன்றாவது மைலில் சங்கிலி கழன்றது. அதை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான், என் பயம் தீர்ந்துவிட்டது, அவருடையது தீரவில்லை என்று உறைத்தது. மீதி தூரம் வேறு மாதிரி மிதித்தேன்.

ஊருக்குள் போக வேண்டியிருக்கவில்லை. பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றிருந்தார். வெள்ளைப் புடவை, கையில் பழுப்புக் கவர். மற்றவர்களிடமிருந்து நாலடி தள்ளி. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றேன். மூச்சு இரைத்ததில் பேச வரவில்லை. அவர் பார்வை நேராக என் காதுக்குப் போனது.

"வெட்டிக்கினீங்களா சார்?"

தலையாட்டினேன்.

"இன்னா வந்துது?"

"எனக்கும்... பாசிட்டிவ், டீச்சர்."

அடுத்த வாக்கியத்துக்கு எனக்கு மூச்சு இல்லை. அந்த இடைவெளியில் அவர் கையிலிருந்த கவரை மறந்துவிட்டார். நாலடியும் கடந்து வந்தார்.

"பயப்படாதீங்க சார். மாத்திர கீது. மூணு வருஷம்தான், ஓடிடும். வூட்ல உங்களுக்குன்னு தனியா ஒரு தட்டு வெப்பாங்க. மொத ஆறு மாசம் அதுதான் கஷ்டமா இருக்கும். அப்பால பழகிடும். நான் கூட இருந்து சொல்றேன் சார்."

முந்தின நாள் நான் அந்தப் பெண்மணியிடம் எட்டு, முழுசு, உயிரோடு இருக்கிறது என்று எண்ணிக் கொடுத்தவன்.

மூச்சு வந்த பிறகு சொன்னேன். தொட்டி, தண்ணீர், வெறும் கண்ணாடி, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எனக்கு?"

"தெரியாது டீச்சர். நேத்து தெரியும்னு சொன்னேன். அது தப்பு. இன்னும் தெரியாதுன்னு சொல்லத்தான் வந்தேன். திங்கக்கெழம நல்ல தண்ணில மறுபடியும் பாக்கணும்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா சார் இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு வந்தீங்க?"

"ஆமா டீச்சர்."

பஸ் வந்தது. கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று அதட்டினார். டீச்சர் கவரைப் பார்த்தார். கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் வரல, நீங்க போங்க" என்று பஸ்ஸிடம் சொன்னார்.

பதற்றத்தோடு படிக்க வேண்டாம், முடிவைச் சொல்லிவிடுகிறேன். கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய் இரண்டு ஜாடி காய்ச்சி வடித்த நீர் கொண்டு வந்தார். ஒரு ஜாடியை மடியிலும் மற்றதைப் பக்கத்து இருக்கையிலும் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றவர்களுக்கு இடம் கொடுக்க மறுத்தாராம். இது சார் காதுக்கு என்றாராம். திங்கட்கிழமை மூன்று கண்ணாடி பார்த்தோம். டீச்சருடையது, என்னுடையது, ஒன்றும் தடவாதது. மூன்றும் சுத்தம். டாக்டரம்மா ஒவ்வொன்றின் ஓரத்தையும் தானே தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜூனில் பள்ளி திறந்த அன்றைக்கு ரூத் டீச்சர் வகுப்பில் இருந்தார். முதல் வாரம் சில வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று கேள்வி. டாக்டரம்மா ஒரு நாள் அந்த வகுப்பில் போய், டீச்சர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்னியப்பன்தான் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

புள்ளலூருக்கு இரண்டு காதிலும் பிளாஸ்திரியோடு போனேன். பெண்ணின் அப்பா கேட்டார், நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சிரிப்போடுதான் குடித்தனம் நடத்துகிறேன். வேர்க்குரு வந்தால் கோழி இறகு வேண்டுமா என்று கேட்பாள்.

ஆகவே அந்தக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு: வெறும் தண்ணீர் வைத்த உங்கள் சோதனைக் குழாயிலும் கிருமி இருப்பதாக ஒரு கோடு தோன்றும் நாள் வரும். அன்றைக்கு மற்ற எல்லாக் குழாய்களின் மேலும் கையை வைத்து மூடிவிட்டு, தெரியாது என்று சொல்லக் கிளம்புங்கள். வெயிலாகத்தான் இருக்கும். அதுவரை, காதை வெட்டச் சொல்லாமல் வெறும் தண்ணீரோடு விட்டுவிட்டார்களே என்று சந்தோஷப்படுங்கள்.

இதையெல்லாம் நான் எழுத உட்கார்ந்தது அந்தத் திங்கட்கிழமை காலைக்காகத்தான். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் காதைப் பிடிக்கப் போனேன். அவர் தலையை நகர்த்திக்கொண்டார்.

"மொதல்ல உங்களுது சார்."

வலது காதைக் கீறினேன். பிளேடு ஆழமாகப் போய்விட்டது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. கசாப்புக் கடைக்காரன் என்று ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. ஒரு கையில் பிளேடு, மறு கையில் கண்ணாடி, பஞ்சு மேஜையின் அந்தப் பக்கம் இருந்தது. டீச்சர் பஞ்சை எடுத்தார். எடுத்த கை நடுவில் நின்றது. மூன்று வருஷமாக அவர் யாரையும் தொட்டதில்லை, பரிசோதனைக்குத் தவிர யாரையும் தொட விட்டதும் இல்லை. அவருடைய முடிவு இன்னும் வரவில்லை, எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நான் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினேன். ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.